வலிக்கு ஐசக் போட்ட மார்க்

டாக்டர் வினோத்குமார் கேட்டதில் தப்பில்லை. "பெரியவரே, வலிக்கு மார்க் போடுங்க. ஒண்ணுன்னா லேசு, பத்துன்னா தாங்க முடியாது. எவ்ளோ போடுவீங்க?"

"ஒண்ணுதாங்க சார்," என்றார் ஐசக்.

எழுபத்து மூன்று வயது, ஆயுசு முழுக்க அடுத்தவர் கழனியில் வேலை. முந்தாநாள் உத்திரமேரூர் ஏரிக்கரையில் சறுக்கி விழுந்து, இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். நடக்கச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தும் காட்டினார். போதாதா? மத்தியானம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார்.

நர்ஸ் திலகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றாம், ஒன்று! கோட்டு போட்டவர் கேட்டால் இந்த மனுஷர் வேறென்ன சொல்வார்? அவள் அப்பாவும் இதே ரகம்தான். பாம்பு கடித்த காலோடு நின்று, நிலத்துக்காரரிடம் "முள்ளு குத்திச்சிங்க" என்றவர். வலிக்கிறது என்று சொன்னவனுக்கு மறுநாள் வேலை கிடையாதே. இடுப்பெலும்பில் விரிசல் இருந்து, ஐசக் பஸ் ஏறி இறங்கினால் அப்புறம் நடமாட்டமே போச்சு.

"எக்ஸ்ரே எடுத்துடலாம் சார்."

"எதுக்கு? அவரே வலி இல்லன்றாரே."

"பத்து நிமிஷம் குடுங்க."

டாக்டர் போனதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பெரிப்பா, நானும் காலனிப் பொண்ணுதான். நாளைக்கு நடவுன்னு வெச்சிக்கோ. நாத்துக்கட்டு தூக்கிக்கினு வரப்பு ஏறுவியா?"

ஐசக் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "எங்க ஏற்றது கண்ணு? பொரளக்கூட முடியல. ராவெல்லாம் துண்டக் கடிச்சிக்கினு கெடந்தேன். பக்கத்து பெட்டுக்காரரு தூங்கணுமில்ல."

திலகா எழுந்தாள். நேராக டாக்டரிடம் போனாள். "அவரு போட்ட ஒண்ணு, பத்து சார். எக்ஸ்ரே எடுக்காம கட்டில்லேர்ந்து அவர எறக்க மாட்டேன்."

முறைத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். படம் வந்தது. தொடையெலும்பின் கழுத்தில் விரிசல், இன்னும் விலகவில்லை. டாக்டர் முகம் சின்னதாகிவிட்டது. அவரே கட்டிலருகே வந்தார். "இனிமே காலை ஊனாதீங்க. காஞ்சிபுரத்துல ஆபரேஷன் பண்ணிட்டா நடக்கலாம்."

ஐசக் கைகூப்பினார். "மன்னிச்சிக்குங்க சார். உங்களுக்கு வேல வெச்சிட்டேன்."

ஐசக்கோடு அனுப்பும் கடிதத்தைத் திலகா எடுத்தாள். காஞ்சிபுரத்திலும் யாராவது மார்க் கேட்பார்கள். உச்சியில் சிவப்புப் பேனாவால் எழுதினாள்: 'கேட்டால் வலி இல்லை என்பார். நம்பாதீர்கள்.'