குளிப்பாட்டியவன் கண்டது

"தண்ணிய மெதுவா ஊத்து. இவனுக்கு இனிமே எந்த அவசரமும் இல்ல," என்றார் சுயூன் சித்தப்பா.

எர்மெக் செம்பைச் சாய்த்தான். வெதுவெதுப்பான தண்ணீர் அண்ணன் சகினின் தோளில் விழுந்து, நெஞ்சில் ஓடி, பலகைக்குக் கீழே வைத்திருந்த தகரத் தொட்டியில் சேர்ந்தது. குடியிருப்பின் முற்றத்தில், கார்கள் நிற்கும் இடத்தைக் காலி செய்து நட்ட வெள்ளைக் கம்பளிக் கூடாரம் அது. குளிப்பாட்டுவதற்காகப் பெண்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். உள்ளே சித்தப்பா, எர்மெக், சகினின் சகலை ஓமூர் மட்டும்தான். பிஷ்கெக் நகரின் தெற்கே எழும்பிக்கொண்டிருந்த கட்டடம் ஒன்றில் ஓமூரும் சகினும் சாரம் கட்டுகிறவர்கள். முந்தாநாள் மதியம் அந்தச் சாரத்தின் உச்சியிலிருந்து சகின் விழுந்தான். ஆஸ்பத்திரியில் பொழுது சாயும்வரை மூச்சு இருந்தது.

கம்பளிச் சுவருக்கு அப்பால் அண்ணி ஜிபெக் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கழுகு போல ஏறினியே, கொக்கி ஒண்ணு மாட்டலையே,
கை பிடிச்ச என்னைத்தான் கணத்துக்கும் நெனக்கலையே…"

கேட்கிறவர்கள் எல்லாம் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பாதுகாப்பு பெல்ட்டைக் கட்டியிருந்தும் அதன் கொக்கியைச் சாரத்துக் குழாயில் மாட்டவில்லை என்று மேஸ்திரி சொல்லியிருந்தான். அப்படிப் போனவனைப் பெண்டாட்டி ஏசத்தானே செய்வாள்? எர்மெக்கும் உள்ளுக்குள் ஏசிக்கொண்டுதான் இருந்தான். செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். இரண்டு பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போன அண்ணன்மேல் கோபப்படாமல் வேறு யார்மேல் படுவது? ஷேர் வேன் ஓட்டுகிற தன் வருமானத்தில் இரண்டு குடும்பம் எப்படி ஓடும் என்ற பயமும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தது. அந்தப் பயத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"இடப்பக்கமா திருப்புங்க," என்றார் சித்தப்பா.

திருப்பினார்கள். செம்பைத் தூக்கிய எர்மெக் அப்படியே நின்றான்.

மறைப்புத் துணி விலகிய இடத்தில், இடுப்பைச் சுற்றி, நாலு விரல் அகலத்துக்குக் கருநீலமாக ஒரு தடம் ஓடியது. முதுகுப் பக்கம் போகப் போக அது கன்றிச் சிவந்திருந்தது. விலாவுக்குக் கீழே வட்டமாக ஒரு அச்சு. பெல்ட்டில் கயிறு கோக்கும் இரும்பு வளையத்தின் அச்சு அது. அதைப் புரிந்துகொள்ளச் சாரம் கட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேனில் திடீரென்று பிரேக் போட்டால் சீட் பெல்ட் எப்படி வெட்டி இழுக்கும் என்று அவனுக்குத் தெரியும். எதிலும் மாட்டாத பெல்ட் எப்படி ஒரு மனிதனை இவ்வளவு அழுத்தமாகப் பிடித்து இழுக்கும்?

ஓமூரைப் பார்த்தான். ஓமூர் துணியை நனைப்பதும் பிழிவதுமாக இருந்தான். சொட்டுத் தண்ணீர் இல்லாத துணியை மறுபடியும் பிழிந்தான்.

"சித்தப்பா, இது…"

"தண்ணிய ஊத்து."

"பெல்ட்டு தடம் சித்தப்பா இது."

கிழவர் நிமிர்ந்தார். அவர் கண்ணிலும் அது பட்டுத்தான் இருந்தது. "குளிப்பாட்டினவன் கண்ணுல பட்டது வாயில வரக்கூடாது. நல்லதோ கெட்டதோ, ஒடம்புல பாத்தது இந்தத் தொட்டித் தண்ணியோட போயிடணும். உங்கப்பனுக்கும் நான்தான் குளிப்பாட்டினேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா?"

வெளியே ஜிபெக்கின் குரல் மறுபடியும் கொக்கிக்கு வந்து சேர்ந்தது. எர்மெக் அந்தத் தடத்தின்மேல் தண்ணீரை ஊற்றினான். அழுக்காக இருந்தால் போயிருக்கும்.

உடம்பில் வெள்ளைக் கஃபன் துணியைச் சுற்றி முடிந்ததும் ஓமூர் நழுவப் பார்த்தான். குதிரைக்கறி வெந்துகொண்டிருந்த பெரிய கொப்பரைக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில் எர்மெக் அவனைப் பிடித்தான். சட்டையைப் பிடிக்கவில்லை. எதிரில் போய் நின்றான், அவ்வளவுதான். ஓமூர் முதலில் அடுப்பைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

அந்தக் கட்டடத்தில் பாதுகாப்பு பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள். வருவதற்கு முன்பே போன் வந்துவிடும். போன் வந்தால் மேஸ்திரி தாலந்த் கல்யாண வீட்டுக்காரன் போல் ஓடித் திரிவான். கட்டடத்தின் பின்பக்கச் சாரத்திலிருந்து நல்ல பலகைகளையும் கைப்பிடிக் குழாய்களையும் கழற்றி, தெருவைப் பார்த்த முன்பக்கத்தில் கொண்டுவந்து கட்டுவார்கள். வருகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், கறி சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி கட்டடம் நிற்கும். அவர்கள் போனதும் எல்லாவற்றையும் திரும்பப் பின்னால் கொண்டுபோய் மாட்ட வேண்டும். சில நாள் மாட்டுவார்கள்.

சகினுக்கு இது பிடிக்கவில்லை. போன இலையுதிர் காலத்தில், வந்தவர்களில் பெரியவர் ஒருவர் கை கழுவப் போனபோது பின்னாலேயே போய், "பின்பக்கத்தையும் ஒரு தடவ பாருங்கய்யா" என்று காதோடு சொன்னான். அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். நல்ல காரியம் செய்தாய் என்றார். பிறகு மேசைக்குப் போய் உட்கார்ந்து, கறியை எடுத்துக்கொண்டே தாலந்திடம், உன் ஆளுக்கு நாக்கு நீளம் என்று சிரித்துச் சொன்னார். வேலியே பயிரை மேய்ந்த கதை. அன்றிலிருந்து சாரத்தில் சகினுக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர். "இன்ஸ்பெக்டரய்யா, டீ ஆறுது, வந்து பாத்துட்டு போங்க" என்பார்கள். சகினும் சிரிப்பான். அவனுக்குப் பின்பக்க வேலைதான் என்றும் அன்றிலிருந்து ஆனது.

"அதை என்கிட்ட சொல்லலையே," என்றான் எர்மெக்.

"யார்கிட்டயும் சொல்லல. தாலந்து நம்ம ஆளு, மனசுல வச்சுக்க மாட்டான்னு சொல்லிட்டுத் திரிஞ்சார்."

முந்தாநாளும் ஆய்வுதான். பின்பக்க உச்சியில் ஓமூர் கைப்பிடிக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். குழாயைப் பிடித்திருந்த கிளாம்புகளை எல்லாம் தளர்த்தியாயிற்று, ஒரு முனையில் மட்டும் மிச்சம். அதற்குள் சொன்ன நேரத்துக்கு முன்பே வண்டி வந்துவிட்டது. அப்படியே போட்டுவிட்டு முன்னால் வா என்று கீழேயிருந்து தாலந்த் கத்தினான். கழற்றிய சாரத்தில், ஏறலாம் என்கிற பச்சை அட்டையை எடுத்துவிட்டு, ஏறாதே என்கிற சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். ஓமூர் கேட்டான். சிவப்பு எவன் கண்ணிலாவது பட்டால் வம்பு, அவர்கள் போகட்டும், பிறகு மாற்றலாம் என்றான் தாலந்த். அவர்கள் சாப்பிட்டார்கள், போனார்கள். அட்டையை யாரும் நினைக்கவில்லை. பூச்சுக்காரர்கள் பலகை கேட்கிறார்கள் என்று சகினைப் பின்னால் அனுப்பினான் தாலந்த். சகின் பச்சை அட்டையைப் பார்த்துவிட்டு ஏறினான். ஏறினதும் முதல் வேலையாகக் குழாயில் கொக்கியை மாட்டினான்.

"குழாயோடதான் வந்து விழுந்தார், எர்மெக். அந்த ஒரு முனை ஒரு நொடி தாங்குச்சு. அப்புறம் அதுவும் வந்துடுச்சு." ஓமூர் மூக்கைத் துடைத்தான். "தாலந்துதான் மொதல்ல ஓடினான். நான் தூக்கத்தான் ஓடுறான்னு நெனச்சேன். அவன் குனிஞ்சு கொக்கியக் கழட்டினான். குழாயத் தூக்கி மணல் பக்கம் போட்டான். அண்ணனுக்கு அப்ப நெனவு இருந்துச்சு. நாங்க எல்லாம் பாத்துக்கிட்டு நின்னோம்."

"நின்னீங்க."

"நின்னோம். கிளாம்பத் தளத்தினது நான். என்னத்தச் சொல்லச் சொல்ற?"

எர்மெக் விறகின்மேல் உட்கார்ந்தான். நேற்று இதே முற்றத்துக்கு அந்த ஆய்வுக்காரர்கள் வந்திருந்தார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் துக்கம் விசாரித்தார்கள். உங்கள் அண்ணன் எப்படிப்பட்டவர், கொஞ்சம் கவனக்குறைவோ என்று கேட்டார்கள். தாலந்தின் கை அப்போது எர்மெக்கின் தோளில் இருந்தது. "அண்ணன் கொஞ்சம் அவசரக்காரர்தான்" என்று இவனே சொன்னான். கூடப்பிறந்தவனே சொன்னபிறகு வேறு என்ன வேண்டும்? தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பொய்யைத் தாலந்த் சொன்னான், அதற்குச் சாட்சி சொன்னது இவன்தான்.

தாலந்த் வேற்றாள் இல்லை. நாரின் மலையிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் அவனும் சகினும். சகினின் மகன் முதல் அடி வைத்தபோது அவன் காலில் சடங்குக்காகக் கட்டிய நூலை வெட்டியவன் தாலந்த். ஆஸ்பத்திரி வராந்தாவில் எர்மெக்கைக் கட்டிப்பிடித்து அழுதவனும் அவன்தான். அந்த அழுகையில் பொய் இருந்ததாக இப்போதும் எர்மெக்குக்குத் தோன்றவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

தாலந்தே தேடிக்கொண்டு வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. கம்பெனி அனுப்பிய குதிரை போதுமா, இன்னொரு ஆடு சொல்லட்டுமா என்று கேட்டான்.

"தாலந்து அண்ணே," என்றான் எர்மெக். "கொக்கி மாட்டலைன்னு நீங்க கண்ணால பாத்தீங்களா?"

ஓமூர் அடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

"பாத்தேன்டா தம்பி. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்." குரல் உடைந்தது. பார்வை மட்டும் அசையவில்லை. பிறகு எர்மெக்கின் சட்டைக் காலரைச் சரிசெய்தான். "தொழுகைல நீதானே கடன் சொல்லணும்? சத்தமா சொல்லு. ரெண்டையும் சொல்லணும், மறந்துடாத. அவனுக்குப் பட்ட கடனையும் விட்டோம்னு சொல்லு. அப்பதான் அவன் மனசு குளிரும்."

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். அடக்கத்துக்கு முன் நடக்கும் தொழுகையில் நெருங்கிய உறவுக்காரன் இரண்டு வார்த்தை சொல்வது வழக்கம். செத்தவன் யாருக்காவது கடன்பட்டிருந்தால் அதை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். செத்தவனுக்கு யாராவது கடன்பட்டிருந்தால், அது பொருளானாலும் வேறு எதுவானாலும், விட்டுவிட்டோம் என்றும் சொல்ல வேண்டும். அதோடு இந்த உலகத்துக் கணக்கு தீர்ந்தது. இந்த வார்த்தை இன்று யாருக்கு வேண்டியிருக்கிறது என்று எர்மெக்குக்குப் புரிந்தது.

உடலைக் கூடாரத்திலிருந்து எடுத்தபோது பெண்களின் ஒப்பாரி உச்சத்துக்குப் போனது. ஜிபெக் இப்போதும் கொக்கியைத்தான் பாடினாள். ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தி, அண்ணி, ஏசாதீங்க, அவர் மாட்டினார் என்று சொல்லலாம். சித்தப்பா பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை அவர் முன்பே சொல்லியிருந்தார். அண்ணனின் உடம்பைச் சந்தியில் வைத்து வாதாடுவதா? அதற்கும் எர்மெக்குக்கு மனம் வரவில்லை.

முற்றத்தில் ஆண்கள் வரிசை கட்டினார்கள். கூடப்பிறந்தவன் என்பதால் எர்மெக்குக்கு முதல் வரிசை. கூடப்பிறக்காத பிறப்பு என்று தாலந்துக்கும் முதல் வரிசையில் இடம் விட்டார்கள். சாரக்காரர்கள் எல்லோரும் பின்னால் நின்றார்கள். இமாம் திரும்பி நின்று, இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்.

"நல்லவர்," என்றது கூட்டம். மறுபடி கேட்டார். "நல்லவர்." தாலந்தின் குரல் மற்றக் குரல்களுக்கு மேலே கேட்டது.

இமாம் எர்மெக்கைப் பார்த்தார். அவன் முன்னே வந்து, அண்ணனின் தலைமாட்டில் நின்றான்.

"எங்க அண்ணன் யாருக்காவது கடன்பட்டிருந்தா என்கிட்ட வந்து கேளுங்க. எதுவா இருந்தாலும் நான் தரேன்."

நிறுத்தினான். இமாம் காத்திருந்தார். வெளியே தெருவில் ஒரு பஸ் நின்று புறப்படும் சத்தம் கேட்டது. "அடுத்ததையும் சொல்லுடா," என்று முணுமுணுத்தார் சித்தப்பா. தாலந்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடுகள் அசைந்தன. எர்மெக்குக்காக அவனே சொல்லிக்கொடுப்பது போலிருந்தது.

"அண்ணனுக்குக் கடன்பட்டவங்கள நான் விடல," என்றான் எர்மெக். "அவர்கிட்டயே போய்க் கேட்டுக்கட்டும்."

அப்படி ஒருவன் சொல்லி அந்த முற்றத்தில் யாரும் கேட்டதில்லை. சாரக்காரர்களின் வரிசையில் தலைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. ஓமூர் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றான். தாலந்த் நிமிரவேயில்லை.

எர்மெக் தன் இடத்துக்குத் திரும்பினான். தாலந்துக்குப் பக்கத்து இடம்தான் அது. ஓர் ஆள் நிற்கிற அளவு தள்ளி நின்றான்.

"வரிசைல இடைவெளி விடாதீங்க. தோளோட தோள் சேத்து நில்லுங்க," என்றார் இமாம்.

இருவரும் நகரவில்லை. இமாம் இன்னொரு தடவை சொன்னார்.

அப்போது முற்றத்தின் வாசலில் ஒரு வேன் கிரீச்சென்று நின்றது. எர்மெக்கோடு ஒரே தடத்தில் வண்டி ஓட்டுகிற பையன் ஒருவன் இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தான். பின்வரிசைகள் நிறைந்திருந்தன. முன்னால் வந்து, காலியாக இருந்த இடத்தைப் பார்த்துத் தயங்கினான்.

"இங்க யாராச்சும் வர்றாங்களாண்ணே?" என்று மெல்லக் கேட்டான்.

எர்மெக் அந்த இடத்தை ஒரு முறை பார்த்தான்.

"யாரும் வரல. நில்லு."

பையன் நடுவில் நின்றான். இமாம் திரும்பிக் கைகளைக் காதுவரை உயர்த்தினார்.