பெரிய கதிரை

பல நாடுகள் சேர்ந்து ஒஸ்லோவில் நடத்திய கடல்வள ஆணையத்தில் வசந்தமலர் துணை இயக்குநர். அவளுக்கு மேலே ஒருவர்தான். கீழே இருந்தவர்கள் அவளிடம் அளந்துதான் பேசுவார்கள். மற்ற நாட்டு அதிகாரிகளோ பழகி முடிவதற்குள் மாற்றலாகிப் போய்விடுவார்கள்.

2004இல் ஒரு சனிக்கிழமை, தங்கை மகளின் பிறந்தநாளுக்கு, நகரத்துக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். வரவேற்பறையில் இருந்த பெரிய கதிரையில் அவளை இருத்தினார்கள். அயல்வீட்டு யோகராசா பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அக்கா, நோர்வே நடத்துற இலங்கைச் சமாதானப் பேச்சு என்ன மாதிரிப் போகுது? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது."

"எனக்கு மீனைப் பற்றித்தான் தெரியும், தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். வெளியில் சொல்லக்கூடாத பதவி என்று நினைத்து, மரியாதையோடு விலகிப் போய்த் தங்களுக்குள் கதைத்தார்கள். யாரோ சாப்பாட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள். அரைமணி நேரம் அவள் தனியாகவே இருந்தாள். பிறகு தட்டோடு எழுந்து குசினிக்குப் போனாள். பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது.

"என்னக்கா, ஏதும் வேணுமே? அங்கை இருங்கோவன்," என்றாள் தங்கை.

"அங்கை ஒருத்தரும் என்னோட கதைக்கினமில்லை."

தங்கை ஒருகணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெங்காயமும் கத்தியும் எடுத்துக் கொடுத்தாள். வசந்தமலர் ஓரமாக நின்று வெட்டினாள். சற்றுப் பொறுத்து, பெண்கள் மெல்லிய குரலில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அவளிடம் யாரும் பேசவில்லை. ஆனாலும் கடைசி பஸ் வரை அவள் அங்கேயே நின்றாள்.