சிரிப்பு ஏறாத முகம்

நான் எப்போதும் உர்ரென்று இருக்கிறேனாம். குழந்தையைத் தூக்கும்போதுகூட முகத்தில் ஒரு சிரிப்பு இல்லையாம். என்னிடம் இதைச் சொன்னது பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தை நடத்தும் மேடம். மேடத்திடம் சொன்னது பூசணியின் அம்மா. பூசணி என்பது எட்டு மாதக் குண்டுப் பையனுக்கு நாங்கள் வைத்த பெயர். அவனுக்கு முதல் பல் முளைத்ததைப் பார்த்ததே நான்தான். பெற்றவள் முதலில் பார்க்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் "பல்லு வந்திருச்சு!" என்று ஓடிவந்தபோது, "அட, நிஜமாவா!" என்று வியந்தேன். முதல் பல், முதல் தவழல், முதல் அடி எதையும் பெற்றவர்களிடம் நாங்கள் முந்திக்கொண்டு சொல்வதில்லை. அப்படிப்பட்ட எனக்கு இந்தப் பட்டம்.

பாப்பா ரூமில் எனக்குப் பதினாறு வருஷம். சுவரோரம் தொட்டில்கள், நடுவில் பாய், மூலையில் மூடிபோட்ட டயப்பர் கூடை, எந்நேரமும் பாலும் பவுடரும் கலந்த வாசனை. என் குரலுக்காக எனக்கு இடி என்று பெயர். பெரிய பிள்ளைகள்கூட 'இடி அத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குத் துணையாக ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், அவளைச் சின்னவள் என்போம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த சங்கதி. அதனால்தான் என் முகம் மாறியது யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்பதுதான் கூத்து.

வயது நாற்பத்தொன்று. எனக்குப் பார்க்கின்சன் நோய். இடது தோள் இறுகியதில் ஆரம்பித்தது. ஒரு டாக்டர் களிம்பு கொடுத்தார். இன்னொருவர் டென்ஷன் என்றார். மூன்றாமவர், "பொம்பளைங்களுக்கு இந்த வயசுல வர்றதுதாம்மா" என்று கதவைக் காட்டினார். குழாய் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர்தான், "நடக்கும்போது உன் இடது கை வீசவே மாட்டேங்குதே" என்று கண்டுபிடித்தார். கடைசியில் ஒரு நரம்பு டாக்டரம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். வலது கை படபடவென்று தட்டியது. இடது கை வரவரச் சுருங்கி, நின்றே போனது.

"கை நடுங்கலையே டாக்டர்? அது தாத்தாக்களுக்கு வர்றதாச்சே?"

"எல்லாருக்கும் நடுங்காதும்மா. சின்ன வயசுலயும் வரும்."

உடம்பை அசைய வைக்கும் ஏதோ ஒன்று மூளையில் குறைந்துகொண்டே வருகிறதாம். மாத்திரை போட்டால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு இறங்கிவிடும். முகத்தைப் பற்றியும் ஏதோ சொன்னார். என் காதில் விழவில்லை. நாளைக்குக் குழந்தையைத் தூக்க முடியுமா என்பதிலேயே என் புத்தி நின்றுவிட்டது.

வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாப்பா ரூம் போய்விடும். எனக்குப் பிள்ளைகள் இல்லை, அந்த ரூம்தான் எல்லாம். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் விடிந்துவிடும், பல் தேய்த்தால் கை வலிக்கும், இதற்கு மேல் ஒன்றுமில்லாத மாதிரி நடிக்கவும் வேண்டும். அப்பாடா என்று உட்கார்ந்தால் அவர் ஆரம்பிப்பார்.

"ஏன் கோபமா இருக்க?"

"கோபம் ஒண்ணும் இல்ல."

"அப்ப மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க?"

"இல்லன்னு சொல்றேன்ல!"

அப்போது நிஜமாகவே கோபம் வந்துவிடும். அவரும் "நான் சொல்லல?" என்று தட்டைக் கழுவப் போய்விடுவார்.

மேடம் அப்படிச் சொன்னதும் நான் பொங்கிவிட்டேன். "அந்தம்மாவ வரச் சொல்லுங்க. நாள் முழுக்க நான் அவனோட சிரிச்சிட்டுத்தான் இருக்கேன். அவங்க ஆபீஸ்ல உட்கார்ந்துட்டு என்னத்தக் கண்டாங்க?"

"பார்த்துட்டுத்தான் சொல்றாங்க" என்று மேடம் மேஜையிலிருந்த திரையை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு ரூமிலும் கேமரா உண்டு. பெற்றவர்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். படம் மட்டும்தான், சத்தம் வராது.

முந்தின நாள் மதியம். எனக்கு நன்றாக நினைவிருந்தது. வாயில் வாழைப்பழக் கூழை வைத்துக்கொண்டு பூசணி ஒரு தும்மல் போட்டான். மொத்தமும் என் முகத்தில். வயிறு வலிக்கச் சிரித்தேன். "இப்ப பாருங்க மேடம், இப்ப சிரிப்பேன் பாருங்க" என்று திரையில் விரலை வைத்துக் காட்டினேன்.

பூசணி தும்மினான். கூழ் தெறித்தது. அவன் கெக்கெக்கென்று சிரித்து அண்ணாந்து பார்த்தான். பார்த்தது ஒரு பெண்ணை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவள் மாதிரி ஒரு முகம். அவள் துணியை எடுத்து மெதுவாகத் துடைத்துக்கொண்டாள். பூசணி இன்னொரு தரம் சிரித்துப் பார்த்தான். காத்திருந்தான். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இன்னொரு முறை போடச் சொன்னேன். அப்படியேதான் இருந்தது.

"இது நானா மேடம்?"

"நீங்கதான்."

டாக்டரம்மா முகத்தைப் பற்றிச் சொன்னது இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்து, நோயைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். யாராக இருந்தாலும் கேட்பதைக் கேட்டார். "தூக்கும்போது... தவற விட்டுட மாட்டீங்கல்ல?"

"இன்னிக்கு வரைக்கும் விட்டதில்ல" என்றேன். நாளைக்கும் விடமாட்டேன் என்று சத்தியம் பண்ண முடியாது. சொல்லாதவரை நான் கல்மனசுக்காரி. சொன்னபிறகு குழந்தையைக் கீழே போடப்போகிறவள். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது.

ஆனால் மேடம் நல்லவர். வீணாக அவரைக் குறை சொல்லமாட்டேன். "தூக்குற வேலைய சின்னவ பார்க்கட்டும். நீங்க பாய்ல உட்கார்ந்து ஊட்டி விடுங்க, விளையாட்டு காட்டுங்க. அந்தம்மாகிட்ட நான் பேசிக்கறேன். ரூமை விட்டு உங்கள யாரும் அனுப்பல" என்றார். எதற்காக ஒரு வருஷம் பயந்து செத்தேனோ, அது நடக்கவில்லை. கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

பாப்பா ரூமுக்குத் திரும்பினேன். பூசணி அப்போதுதான் எழுந்திருந்தான். சின்னவள் அவனை என் மடியில் விட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தான். மகராசன், முந்தின நாள் நடந்ததையெல்லாம் மறந்துவிட்டு மறுபடியும் சிரித்தான். நான் முழுப் பலத்தையும் கன்னத்துக்குக் கொண்டுவந்தேன்.

"இந்தா, நான் இப்ப சிரிக்கிறேனா?"

சின்னவளுக்குப் பொய் சொல்ல வராது. என்னைப் பார்த்தாள். "கொஞ்சம்க்கா" என்று தரையைப் பார்த்தாள்.

பூசணி காத்திருந்தான். எத்தனையோ குழந்தைகள் என் முகத்தைப் பார்த்துத்தான் இது நல்லது, இது பயம் என்று தெரிந்துகொண்டார்கள். பெரியவர்களிடம் நோய் என்று சொல்லலாம். இவனிடம் எப்படிச் சொல்வேன்? இவனுக்குத் தெரிந்த பாஷையே முகம்தான். அவன் கண்ணை என்னிடமிருந்து எடுத்துச் சின்னவளிடம் கொண்டுபோனான். அவள் சும்மா ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் துள்ளியது.

அவனை அவள் கையில் கொடுத்துவிட்டு மேடத்திடம் திரும்பிப் போனேன். "என்னைப் பெரிய பிள்ளைங்க ரூமுக்கு மாத்திடுங்க."

"நான்தான் இருக்கச் சொல்லிட்டேனே!"

"நீங்க சொல்லிட்டீங்க மேடம். அவன் சொல்லலையே."

பெரிய பிள்ளைகள் என்றால் மூன்று, நான்கு வயது. வாயுள்ள பிள்ளைகள். முதல் நாளே குட்டி நாற்காலியில் உட்கார்ந்து உடைத்துச் சொல்லிவிட்டேன். "இங்க பாருங்க, இடி அத்தைக்கு ஒரு நோவு. என் மூஞ்சி அப்பப்ப தூங்கிடும். அது தூங்கினாலும் நான் உள்ள சிரிச்சிட்டு இருப்பேன்."

"மூஞ்சி குறட்டை விடுமா?" என்றான் ஒருவன். "எனக்கும் ஒட்டிக்குமா?" என்றான் இன்னொருவன். முன்வரிசையில் இருந்த ஒரு குட்டிப் பெண் மட்டும், பிறகு நான் கேள்விக்காரி என்று பெயர் வைத்தவள், எழுந்து வந்து, என் மூக்குக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப சிரிக்கிறீங்களா?"

"ஆமா."

அன்றிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை. கை கழுவும்போது வந்து "இப்ப?" என்பாள். ஆமா. கட்டைகளை அடுக்கிக்கொண்டே "இப்ப?" ஆமாடி, ஆமா. தொல்லை தாங்கவில்லை.

ஒரு நாள் மதியம் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். மாத்திரை இறங்கும் நேரம், ஒரு துண்டு மடிப்பதற்குள் யுகம் போனது. பக்கத்து ரூமில் சின்னவள் ஏதோ சொல்ல, பூசணி கெக்கெக்கென்று சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தான். இனி அந்தச் சிரிப்பு எனக்கில்லை. கையில் துண்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

கேள்விக்காரி தூங்கவில்லை. பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப?"

ஆமா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை நாளில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்து அவரவருக்குத் தோன்றியதை முடிவு செய்துகொண்டார்கள். உள்ளே என்ன என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். இவளிடமும் நடிக்க என்னால் ஆகவில்லை.

"இல்ல கண்ணு. இப்ப இல்ல."

"அழறீங்களா?"

"ஆமா."

என் கண்ணில் பொட்டுத் தண்ணீர்கூட இல்லை. அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, சொன்னதை அப்படியே நம்பினாள். நகர்ந்து, பாயில் பாதி இடம் விட்டாள். "அப்ப இங்க வந்து படுங்க." நான் மெதுவாகக் குனிந்து, முட்டியை ஊன்றி, அவள் பக்கத்தில் படுத்தேன்.

புரண்டு விழித்த பக்கத்துப் பையன் வாயைத் திறக்கப் போனான். அவள் அவன் வாயைப் பொத்தினாள். "ஷ்... கத்தாத. இடி அத்தை அழுதுட்டு இருக்காங்க."