குழந்தைகளுக்கான வேகம்

நான் செய்தது தப்புதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சொல்லச் சொல்ல என் பக்கம் ஏதோ நியாயம் இருப்பதுபோல் எனக்கே தோன்றிவிடும். அந்த வித்தை எனக்கு நன்றாக வரும்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஆறு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலில் இருக்கிற பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்கிக் கரையில் இறக்க வேண்டும். வலது கை ஏற்றி இறக்கும். இடது கை முன்னும் பின்னும் நகர்த்தும். கீழே ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தக் கர்வம் மனுஷனுக்கு உண்டு, இருக்கட்டுமே.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பக்கவாதம் என்றார்கள். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. இடது கை மட்டும், வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி, சொன்ன வேலை எதையும் கேட்காமல் கிடந்தது.

துறைமுகக் கேன்டீனில் ஒரு விளையாட்டு மெஷின் உண்டு. காசு போட்டால் ஒரு மஞ்சள் வாய் சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்னும், நாலு பேய்கள் துரத்தும். அதில் இவரை அடிக்க ஆள் கிடையாது. எந்தப் பேய் எந்த மூலையில் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதனால் இவர் வீடு திரும்பியதும் கூட வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து, அதே விளையாட்டை டிவியில் மாட்டி ஆடுகிற பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்கள். கைப்பயிற்சி கொடுக்க வருகிற அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்லதுதான். ஆனா இடது கையாலதான் ஆடணும்" என்றார்.

முதல் நாள் ஆட உட்கார்ந்ததும் இவருக்கு ஆயிரம் குறை. "சந்து எல்லாத்தையும் மாத்திக் கட்டிட்டான். பேய் நாலும் பியூஸ் போற பல்பு மாதிரி மினுக்குது. கேன்டீன்ல இருக்கிறது அசல். இது அதுக்கு ஒன்னுவிட்ட தம்பி."

ஒன்றுவிட்ட தம்பி இவரை விடவில்லை. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் மூன்று ஆட்டம் முடிந்துபோனது. கையிலிருந்த ஆட்டப் பிடியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் இரண்டு நாள் பேசவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். பேசாத மனுஷனை என்ன செய்வது?

நான் தையல்காரி. எந்த மெஷின் வந்தாலும் கூட வருகிற புத்தகத்தை முழுசாகப் படித்துவிடுவேன். விளையாட்டுப் பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருப்பதாகவும், மேலே தள்ளினால் பெரியவர்களுக்கான வேகம், கீழே தள்ளினால் குழந்தைகளுக்கான வேகம் என்றும் அதில் போட்டிருந்தது. இவர் குளிக்கப் போயிருந்தபோது கீழே தள்ளினேன்.

அன்றைக்கு இவர் முதல் சுற்றைத் தாண்டினார். மறுநாள் மூன்று சுற்று. "கை திரும்புதுடீ" என்றார். "நான்தான் சொன்னேன்ல" என்றேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாமாம், ஒரு சுவிட்சைத் தள்ளி ஒரு மனுஷனை எழுப்பக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். முகச்சவரம் செய்தார், சீட்டியடித்தார், என் சமையலில் குற்றம் கண்டுபிடித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். டம்ளர் நழுவி விழுந்தபோது, "ஈரக் கை, யாருக்கும் நழுவும்" என்று நானே சொன்னேன். இவரும் நம்பினார்.

போன சனிக்கிழமை மேஸ்திரி வந்தார். இவருக்கு முப்பது வருஷ சிநேகிதர், யார் கிரேனில் ஏறலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர். பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து ஆட்டம் பார்த்தார். "யோவ், பழைய கைதான்யா இது. பரிசோதனையெல்லாம் பேருக்குத்தான், அதை நான் பாத்துக்கறேன். திங்கக்கிழமை ஏறிடு."

டீ டம்ளரோடு நான் அங்கேயேதான் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கத்தான் செய்தேன். "சர்க்கரை போதுமா அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் போனதும் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். துறைமுகத்து ஆட்களின் சீருடை தைப்பது நான்தான். கீழே நிற்கிற ஒவ்வொருவரின் தோள் அளவும் எனக்கு மனப்பாடம். பாதி தைத்த சட்டை ஒன்று ஊசிக்கடியில் இருந்தது. அதன் தோளைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. அந்தத் தோளுக்கு மேலேதானே இரும்புப் பெட்டி தொங்கும்.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை இவர் எழுவதற்குள் சுவிட்சை மேலே தள்ளிவிட்டேன். இவரே ஆடித் தோற்பார், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று இவரே சொல்வார், நான் நல்லவளாகவே இருந்துவிடலாம்.

ஆட உட்கார்ந்தார். பேய்கள் பாய்ந்து வந்தன. முதல் ஆட்டம் போனது. சிரித்துக்கொண்டே அடுத்ததைத் தொடங்கினார், அதுவும் போனது. மூன்றாவது முடிந்தபோது பிடி கையிலிருந்து விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"இங்க வா. என் வாயைப் பாரு, கோணுதா?"

"இல்லீங்க."

"நல்லாப் பாரு. பேச்சு குழறுதா? ஞாயிறு, திங்கள், செவ்வாய்..." ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி கிழமைகளைச் சொல்ல ஆரம்பித்தார். புதனில் குரல் உடைந்தது. "மறுபடியும் வந்துடுச்சுடீ. நேத்து வரைக்கும் நல்லா இருந்த கை. ஆஸ்பத்திரிக்குப் போனைப் போடு."

இவர் காலடியில் அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுவிட்ச், புத்தகம், குளிக்கப் போன நேரம், இன்று காலை செய்தது வரை. அழுதுகொண்டே சொன்னதால் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்போ மறுபடியும் வரலையா?"

"வரலைங்க. சத்தியமா வரலை."

நீளமாக மூச்சை விட்டார். சிரிக்கக்கூடச் செய்தார். "பாவி, உயிரே போயிடுச்சு" என்று வலது கையால் என் தலையில் ஒரு தட்டு தட்டினார். மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கியது. இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார்.

"அப்போ, சரியாகவும் இல்ல."

இன்னொரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. "இல்லீங்க" என்றேன்.

மேஸ்திரிக்குப் போன் போடச் சொன்னார். எண்ணை அழுத்திக் கொடுத்தேன். பேசி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.