மாப்பிள்ளை எடுத்துப்போன கம்ப்யூட்டர்

எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். முதலாளி வாய்க்கு வாய் "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டு, கணக்கு பார்ப்பவர் கூப்பிட்டு, கடைசியில் லாரியிலிருந்து இரும்பு இறக்குகிறவர்களுக்கும் அதுவே பேராகிவிட்டது. இத்தனை பேருக்கு ஒரே ஆள் மாப்பிள்ளையாக இருப்பது வேறெங்கும் நடக்காது. அந்த மனிதர் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் அங்கே உலோகத்தை வெட்டிக் குடைகிற மில்லிங் மெஷின் ஓட்டுகிறேன். சாப்பிடும்போதுகூடப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிடுவேன் என்பதால் எனக்குப் பெயர் 'கண்ணாடி'. பொட்டலம் கட்டும் மெஷின்களுக்கும் மருத்துவமனைக் கட்டில்களுக்கும் வேண்டிய உலோகப் பாகங்களை நாங்கள் செய்து கொடுக்கிறோம். பாகத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, எந்த டூல் எந்த வழியாகப் போய் எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று ப்ரோக்ராம் போட்டு என் மெஷினுக்கு அனுப்புகிறவர் அக்கா. கூடப்பிறந்தவர் இல்லை. ஆனால் கோபம் வந்தால் கூடப்பிறந்தவர் மாதிரியேதான் திட்டுவார்.

அக்காவிடம் இருந்த கம்ப்யூட்டர் பெரிய கிழம். நாலைந்து பாகங்கள் சேர்ந்த மாடலைத் திருப்பினால் திரையில் அது நொண்டி நொண்டித் திரும்பும். சேமிக்கச் சொல்லிவிட்டு அக்கா எழுந்து போய் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வருவார். அப்போதும் அம்புக்குறி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். புதிது வாங்க முதலாளி விலை கேட்டார். இந்த வேலைக்கென்றே தயாராக வருகிற கம்ப்யூட்டருக்கு விற்பனையாளர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு முழுக்க அவர் கால்குலேட்டரோடுதான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அக்காவே, உதிரி பாகம் வாங்கித் தானே பூட்டித் தருவதாகவும், அதில் பாதி விலைகூட ஆகாது என்றும் சொன்னார். முதலாளி முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது.

அதற்காக அக்கா அலைந்தது கொஞ்சநஞ்சமல்ல. கடைக்காரர்கள் எல்லோரும் விளையாட்டுக்கென்று வருகிற, கலர் கலராக விளக்கெரிகிற பெட்டியையே தலையில் கட்டப் பார்த்தார்கள். வரைகிற மென்பொருள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கணக்கைத்தான் போடும், அதற்கு ப்ராசசருக்குள் கணக்குப் போடுகிற தலைகள் நிறைய தேவையில்லை, ஓடுகிற தலை வேகமாக ஓடினால் போதும் என்று அக்கா எனக்குப் புரிய வைத்தார். அதனால் நடுத்தர விலையில் வேகம் அதிகமான ப்ராசசர். மெமரியில் மட்டும் கையைச் சுருக்கவில்லை. ஒரே அளவில் இரண்டு அட்டை. கிராபிக்ஸ் கார்டு பழையது. காலி செய்த ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து வந்தது, ஆனால் வரைபட வேலைக்கென்றே செய்யப்பட்டது. பவர் சப்ளை புதுசு, நல்ல கம்பெனி. கேபினட்தான் இருப்பதிலேயே மட்டம். பார்த்தால் ரொட்டி டப்பா மாதிரி இருந்தது.

எங்கள் இடத்தில் காற்றிலேயே இரும்புத் தூளும் வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் எண்ணெயும் மிதக்கும். அது உள்ளே போனால் எந்தக் கம்ப்யூட்டரும் தாங்காது. அக்கா மெல்லிய வலை வாங்கி, கேபினட்டின் ஓட்டைகளுக்கு அளவாக வெட்டி ஒட்டினார். தரையில் வைக்காமல் சுவரில் உயரத்தில் மாட்ட, அலுமினியத்தில் ஒரு தாங்கி செய்து கொடுத்தேன். விடுமுறை நாளில் அக்கா உட்கார்ந்து பூட்ட, நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். முதலில் திரை இருட்டாகவே இருந்தது. அக்கா ஒரு மெமரி அட்டையைக் கழற்றி, மறுபடி அழுத்திச் சொருகினார். 'டக்' என்று ஒரு சத்தம். திரை வெளிச்சமானது. அதுவரை அந்தக் கிழத்தில் திறக்கவே திறக்காத ஒரு பெரிய மாடலைத் திறந்து, மவுசை ஒரு சுழற்று சுழற்றினார். அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. அக்கா சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு என் பிழைப்பும் மாறியது. வெட்டுவதற்கு முன்பே முழு வேலையையும் திரையில் ஓட்டிப் பார்ப்பதைச் சிமுலேஷன் என்போம். பாகத்தைப் பிடித்திருக்கும் கிளாம்ப் உட்பட எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஓட்டினால், டூல் எங்கேயாவது இடிக்கப் போகிறது என்றால் அந்த இடம் சிவப்பாகிவிடும். பழைய கம்ப்யூட்டரில் அது பாதியிலேயே உறைந்து நின்றுவிடும். மீதியை நானும் அக்காவும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். புதியது கடைசி வரை காட்டியது. புதுப் பாகத்தை முதன்முதலாக வெட்டும்போது நிறுத்தும் பொத்தான் மேலேயே நான் கை வைத்திருப்பது நின்றது.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை தொழிலுக்குள் வந்தார். வந்ததும் முன்பக்கத்து அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டார், சோபா போட்டார், சுவரளவுக்கு ஒரு திரை மாட்டினார். வாடிக்கையாளர் வந்தால் பாகங்களைச் சுழற்றிக் காட்டுவதற்காம். ஒரு நாள் அக்காவின் பின்னால் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல கம்ப்யூட்டரை இந்தத் தூசியில் வைத்திருக்கிறீர்களே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அக்காவுக்கு அன்று அது பாராட்டாகத்தான் கேட்டது.

அடுத்த வாரம் வேலைக்கு வந்தபோது தாங்கி காலியாக இருந்தது. ஒயர்கள் தொங்கின. மேஜையின் மேல் பழைய கிழம், தூசிகூடத் துடைக்கப்படாமல், திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. முன்னறைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். சோபாவுக்குப் பக்கத்தில் அக்காவின் கம்ப்யூட்டர். அசிங்கமாக இருக்கிறதென்று வலையை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, சுற்றிலும் நீல விளக்கு ஒட்டியிருந்தார் மாப்பிள்ளை. சுவர்த் திரையில் கம்பெனி முத்திரை மட்டும் கோயில் மாடு மாதிரி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நேராக முதலாளியிடம் போனார். நானும் ஏதோ அளவு கேட்பது போலப் பின்னாலேயே போனேன். முதலாளி கெட்டவர் இல்லை. எங்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவார், அரைமணி நேரத்தில் டீ வாங்கிக் கொடுப்பார். அன்றைக்கு அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் எப்படிம்மா கேக்கிறது? மாப்பிள்ளையாச்சே. பொண்ணு அங்க வாழுது. கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

"சிமுலேஷன் முழுசா ஓடாது சார். பாக்காம ப்ரோக்ராம் அனுப்புறது கண்ணைக் கட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்டுற மாதிரி."

"இத்தனை வருஷம் அதுலதானே ஓட்டினோம்?"

அக்கா திரும்பி வந்துவிட்டார். அன்று மாலைவரை விசைப்பலகைதான் அடி வாங்கியது.

பிறகு ஒரு அவசர வேலை வந்தது. வாடிக்கையாளரே கொடுத்த நல்ல எஃகுக் கட்டை. ஏழெட்டு இடத்தில் ஆழமாகக் குடைய வேண்டும். பழைய கம்ப்யூட்டர் சிமுலேஷனில் மூன்றாவது குடைவுக்கே மூச்சை விட்டுவிட்டது. அக்கா மாப்பிள்ளையிடம் போய், அந்த அறையிலேயே உட்கார்ந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று கேட்டார். பார்க்க ஆட்கள் வருகிறார்கள், இப்போது முடியாது, அப்படியே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார் அவர். முழுக்க ஓட்டிப் பார்க்கவில்லை, மெதுவாகத்தான் போக வேண்டும் என்று சொல்லியே அக்கா எனக்கு அனுப்பினார்.

நான் வேகக் குமிழை அடிமட்டத்தில் வைத்து, நிறுத்தும் பொத்தான் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஓட்டினேன். நாலாவது குடைவு முடிகிற நேரத்தில் மாப்பிள்ளை வந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். இப்படி ஆமை மாதிரி போனால் என்றைக்கு முடியும் என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டி, குமிழைத் திருகிக் கடைசிவரை ஏற்றினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அதற்குள் டூல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பாய்ந்தது. நடுவில் கிளாம்ப்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. டூல் உடைந்து மெஷின் கதவின் கண்ணாடியில் அடித்தது. கதவில் என் முகத்துக்கு நேராகச் சிலந்தி வலை மாதிரி விரிசல். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டை வீணானது. டூலைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலிலிருந்து முனகல் கேட்டது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். முதலாளியும் வந்தார். வந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை சொன்னார்:

"அந்தம்மா ப்ரோக்ராம் தப்பு. இதான் இங்க பிரச்சினையே."

குமிழைத் திருகியது யார் என்று நான் சொன்னேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, வேலையைப் பார் என்றார். முதலாளி குனிந்து, வீணான கட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்துக்கு நேராகப் பாய்ந்த இரும்பைவிட அதுதான் என்னை அதிகம் சுட்டது.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து விரிசலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பி முன்னறைக்கு நடந்தார். நாங்கள் போய்ப் பார்க்கும்போது சோபாவை நகர்த்திவிட்டு ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நீல விளக்கை ஒரே இழுப்பில் பிய்த்தார். கம்ப்யூட்டரைக் குழந்தையைத் தூக்குவது போல இடுப்போடு அணைத்துத் தூக்கினார். வாசலில் மாப்பிள்ளை கையை அகட்டி நின்றுகொண்டார்.

"என்ன பண்றீங்க? இது கம்பெனி சொத்து."

"ஆமா. கம்பெனி வேலை அந்தப் பக்கம்தான் நடக்குது."

"வைங்க கீழ. தப்பு பண்ணிட்டு சீன் வேற."

"ப்ரோக்ராம்ல தப்பு இருந்துச்சு. நான் இல்லேங்கல. எல்லா ப்ரோக்ராம்லயும் இருக்கும். அதைப் பாக்குற கண்ணைத்தான் நீங்க பிடுங்கிட்டு வந்து இங்க பொம்மை காட்டிக்கிட்டு இருந்தீங்க. அவன் கண்ணு போயிருந்தா யாரு பதில் சொல்லியிருப்பாங்க?"

மாப்பிள்ளை நகரவில்லை. எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். அவர் காதுமடல் சிவந்திருந்தது. மகளைக் கொடுத்த இடம் என்று இத்தனை நாள் வளைந்தே நின்ற மனிதர். ஓரடி முன்னால் வந்தார்.

"மாப்பிள்ளை, வழி விடுங்க."

குரல் உயரவில்லை. ஆனால் மாப்பிள்ளை விலகினார். அக்கா நடந்து போனார்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது. மேஜையில் வைத்துக் கேபினட்டைத் திறந்தால் வலை இல்லாததால் உள்ளே காற்றாடியெல்லாம் தூசி அப்பிக் கிடந்தது. மெமரி அட்டை இரண்டில் ஒன்று இல்லை. கணக்கு பார்ப்பவர் விசாரித்துச் சொன்னார்: மாப்பிள்ளை தன் வீட்டில் விளையாடுகிற கம்ப்யூட்டருக்குக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்! முத்திரை சுற்றுவதற்கு ஒன்று போதுமாம். அக்கா காலியாக இருந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

மறுநாள் காலையில் முதலாளி வந்து, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே மெமரி அட்டை. மகள் வீட்டு வாசலில் அவர் எப்படி நின்றார், என்ன கேட்டார், யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அதற்கப்புறம் வெகு நாள் அவர் மகள் வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை.

அக்கா அட்டையைச் சொருகி, முதல் வேலையாக அந்த எஃகுக் கட்டையின் ப்ரோக்ராமை ஓட்டினார். நாலாவது குடைவு முடிந்ததும் கிளாம்ப் இருந்த இடம் சிவந்து திரை நின்றது. முதலாளி குனிந்து பார்த்தார். "சரிம்மா," என்றார்.

"சரின்னா என்ன சார்? நேத்து எல்லாரும் கேக்கத்தானே என் மேல குத்தம் சொன்னாங்க?"

முதலாளி பட்டறை நடுவுக்கு வந்தார். பிறகு எங்களை எல்லாம் கூப்பிட்டு, நேற்று நடந்ததற்கு அக்கா பொறுப்பில்லை, கம்ப்யூட்டரை எடுத்துப் போக விட்டது தன் தப்பு என்று சொன்னார். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். சொல்ல வேண்டிய ஆள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை.

மாப்பிள்ளை பிறகு வந்தார். முன்னறைக்கு, கடைக்காரர்கள் அக்கா தலையில் கட்டப் பார்த்தார்களே, அது மாதிரி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். அக்காவிடம் மன்னிப்பு கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. போன மாதம் ஒரு வாடிக்கையாளரை உள்ளே அழைத்து வந்து, அக்காவின் கம்ப்யூட்டரைக் காட்டி, கம்மி செலவில் நாங்களே திட்டம் போட்டுப் பூட்டினோம் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினேன். சட்டென்று பட்டறை அமைதியானது.

"பூட்டினது அக்கா," என்றேன். "இவங்க ஒரு ஆள்தான்."

வாடிக்கையாளர் அக்கா பக்கம் திரும்பி, எந்த ப்ராசசர் போட்டீங்க என்று கேட்டார். அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவருக்குச் சொல்ல ஆரம்பித்தார்.