முன்னால் வந்து உட்கார்ந்த நாய்

"கண்ணாடியைக் கழட்டிட்டு மேலே வா!" என்று ஹாலிஸ் மாடியிலிருந்து கத்தினான்.

அடுப்பில் மீன் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வெர்னா தீயைக் குறைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைத் தடவித் தடவிப் படியேறினாள். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று அவளுக்குத் தெரியாது. லுனன்பர்க் ஊர் முழுவதும் அதைக் குறை என்றுதான் சொன்னது. ஹாலிஸ் ஒருவன்தான் அதைத் தன் தொழிலுக்கான கருவி என்றான். படம் வரைகிறவர்கள் கடைசியில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பார்ப்பார்கள். விவரமெல்லாம் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். எது கிட்டே வருகிறது, எது தள்ளிப் போகிறது என்று புரியும். ஹாலிஸ் தன் கண்ணைச் சுருக்கிச் சிரமப்படவில்லை. பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்கான அட்டைப்படம் அது. பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு தீவுக்குப் போய்த் திரும்பும் ஒரு பழைய படகு. படத்தின் அடியில், அகலம் முழுக்க, கன்னங்கரேலென்று படகுத்துறையின் மரக்கட்டை. கட்டைக்கு அப்பால், துறையின் கோடியில், படகை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் நாய். படகு சாம்பல் நிறம். அதற்கும் பின்னால், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி, தீவு. மேலே ஒன்றுமில்லை, வெறும் வெளுப்பு.

"முதல்ல என்ன தெரியுது?"

"நாய்."

"கட்டை தெரியலையா?"

"கட்டை இருக்கு. நாய் அதைத் தாண்டிக் குதிச்சு வந்து என் மடியில உட்காருது. எதுக்கு இவ்வளவு கறுப்பு? ஊரெல்லாம் மூட்டம், அந்த நாய்க்கு மட்டும் ஒட்டாதா?"

"அது நனைஞ்ச நாய்."

"நனைஞ்ச நாயா, கரி மூட்டையா?"

ஹாலிஸ் முனகினான். முனகினால் ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். ஒரு தட்டில் வெளிறிய சாம்பல் நிறத்தைக் குழைத்தான். "சூப்பைக் குடிச்சிட்டு மேலே லேசா ஒரு பூச்சு. பின்னால போயிடும். மிளகு போட்டியா?"

"போட்டேன்."

சூப்பை ஊற்றுவதற்குள் விறகு எடுத்துவரக் கொட்டகைக்குப் போனவன் விறகுக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தான். நெஞ்சு நின்றுபோயிருந்தது. வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். டாக்டர்கள் அதை எல்லோரிடமும் சொல்கிறார்கள்.

அடக்கம் முடிந்து, ஊர் விசேஷங்கள் நடக்கும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். ஓரம் வெட்டிய முட்டை சாண்ட்விச், பேரீச்சம்பழத் துண்டங்கள், பெரிய பாத்திரத்தில் காபி. பதிப்பகத்தில் படங்களுக்குப் பொறுப்பான கோரின் டெவோ ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்திருந்தாள். வரும்போது சும்மா வரவில்லை. இறந்த அன்று காலை ஹாலிஸ் போனில் எடுத்து அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள்.

"மேலே இருக்கிற இந்த வெறுமையைப் பாருங்க," என்றாள். "எப்பவும் மூலைமுடுக்கு விடாம வரையற மனுஷன். இதுல மட்டும் பாதி வானத்தைக் காலியா விட்டுட்டார். தான் போகப் போற இடத்தை அவர் பார்த்துட்டார்னு நினைக்கிறேன்."

கூடம் விம்மியது. இரண்டு பேர் எழுந்து போய் வெறுமையை அருகிலிருந்து பார்த்தார்கள். அப்படியே காபியும் பிடித்துக்கொண்டார்கள்.

வெர்னாவுக்குப் பக்கத்தில் சிங்கி இறால் பிடிக்கும் எல்வுட் உட்கார்ந்திருந்தான். கோட்டில் இன்னும் இரை வாசனை. "தினம் விடியக்காலை அந்த மூட்டத்துக்குள்ளதான் போறேன்," என்று அவள் காதில் சொன்னான். "போகப் போற இடம் எதுவும் எனக்குத் தெரிஞ்சதில்லை. அடுத்தவன் படகுதான் தெரிஞ்சிருக்கு. அதுவும் இடிச்சப்புறம்."

வெர்னா சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்க வேறு வழியில்லை. அந்த வானம் ஏன் காலியாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கோரினே போன் செய்து, 'போன தடவை வானம் பூரா வாத்து பறக்க விட்டீங்க, தலைப்பை வாத்து மேலதான் அடிச்சோம். இந்தத் தடவை தயவுசெஞ்சு எழுத்துக்கு இடம் விடுங்க' என்று கெஞ்சியதை, பக்கத்தில் நின்று கேட்டவள் அவள்.

மறுவாரம் கோரின் மூலப்படத்தை வாங்கிப்போக வீட்டுக்கு வந்தாள். ஓட்ஸ் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி திட்டத்தைச் சொன்னாள்.

"வானத்தை யாரும் தொடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம், வெர்னா. தலைப்பைக் கீழே, அந்தக் கட்டை மேல பெரிசாப் போட்டுடறோம். அப்புறம் படத்தோட மனநிலையைக் கொஞ்சம் தூக்கிக் குடுக்கணும். படகுல ஒரு விளக்கு. கட்டை மேல ஒரு காக்கா."

"காக்கா எதுக்கு?"

"மனநிலைக்கு."

ஹாலிஸ் உயிரோடு இருந்திருந்தால் இப்போது செத்திருப்பான் என்று வெர்னா நினைத்தாள். மனநிலை கேட்டு வருகிறவர்களுக்காக ஒரு காக்கா, ஒரு விளக்கு, முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆள் என மூன்று ரப்பர் முத்திரை செய்து வைத்துக்கொள்ளப் போவதாக அவன் சொல்வதுண்டு. மூட்டம் வேண்டுமென்றால் மூட்டத்தை வரையாதே, கிட்டத்தில் ஒன்றைக் கறுப்பாக வரை, மூட்டம் தானாக வரும் என்பது அவன் கட்சி. கட்டையை எழுத்தால் மூடிவிட்டால் படகும் தீவும் ஒரே சுவரில் ஒட்டிய காகிதம்தான். அவன் கடைசியாகச் செய்த வேலையில் உருப்படியாக இருந்தது அந்தத் தூரம் ஒன்றே. அதையும் துடைத்துவிட்டுத்தான் இவர்கள் துக்கம் கொண்டாடப் போகிறார்கள்.

"கோரின், வானத்துல இடம் விடச் சொன்னதே நீதான். வாத்து ஞாபகமில்லையா?"

கோரின் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "கேட்டேன்தான். ஆனா நான் கேட்டதுக்கும் மேலே அவர் குடுத்திருக்கார். அவருக்கே தெரியாம."

வெர்னா எழுந்து போய் ஒரு தேநீர்த் துணியை மடித்து, கீழே கொண்டுவந்து வைத்திருந்த படத்தின் அடிப்பகுதியை மறைத்தாள். கட்டை போனது. அதோடு தூரமும் போனது. படகு தட்டையாக, கழுவாத தட்டு மாதிரி நின்றது.

"இப்பப் பாரு."

கோரின் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவளும் தொழில் தெரிந்தவள்தான். "இன்னும் அமைதியா இருக்கே," என்றாள்.

இனி பேசிப் பயனில்லை என்று வெர்னாவுக்குப் புரிந்தது. செவிடன் காதில் சங்கு ஊதினால் அவனுக்குக் கேட்காது, அவ்வளவுதான். இவள் அதைத் தாலாட்டு என்பாள்.

"அப்ப மூலப்படம் இங்கேயே இருக்கட்டும். உன்கிட்ட போன் படம் இருக்கில்ல, அதை அச்சடிச்சுக்கோ. மூலையில ஹாலிஸோட கட்டைவிரல் விழுந்திருக்கு. அதுக்கும் ஒரு அர்த்தம் சொல்லிடு, முடிஞ்சுது."

கோரின் முகம் சிவந்தது. வசந்தத்தில் புத்தகம் வரும் என்று எல்லாக் கடைகளுக்கும் சொல்லியாகிவிட்டது. கட்டைவிரலோடு அட்டை போட முடியாது. ஜன்னலை ஒரு தடவையும் தேநீரை ஒரு தடவையும் பார்த்தாள்.

"சரி. தலைப்பு மேலே. விளக்கு இல்லை, காக்கா இல்லை. போதுமா?"

"நாய் ஒண்ணு பாக்கி. அதுல ஒரு தப்பு இருக்கு. சூப் குடிச்சிட்டுச் சரிபண்றேன்னு சொன்னான். கறுப்பு ஜாஸ்தி. பின்னால போகணும்."

"நாயா!" கோரின் நிஜமாகவே பதறினாள். "வெர்னா, அந்தப் படத்துல உயிரோட இருக்கிறதே அந்த நாய்தான். அதை எங்க ஆளுங்க தொட மாட்டாங்க. நீங்க வேணா பண்ணுங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

கோரினின் கார் போனதும் வெர்னா மாடிக்குப் படத்தை எடுத்துப் போனாள். தட்டில் அவன் குழைத்த சாம்பல் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் இளகியது. தூரிகையைத் தோய்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் நாயின் காது, மீசை எல்லாம் தெரிந்தன. அது எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது தெரியவில்லை. கழற்றினால் நாய் மடிக்கு வந்தது. தூரிகையின் நுனி காணாமல் போனது. இது ஒருவர் பார்த்துச் சொல்ல இன்னொருவர் பூச வேண்டிய வேலை. போட்டும் கழற்றியும் பார்த்துக்கொண்டிருந்ததில் சாம்பல் மறுபடி காய்ந்துவிட்டது. அவள் தூரிகையைக் கழுவி வைத்தாள்.

வசந்தத்தில் புத்தகம் வந்தது. தலைப்பு வானத்தில், அவன் விட்ட இடத்தில், அளவெடுத்துத் தைத்தாற்போல் உட்கார்ந்திருந்தது. கட்டை கட்டையாக இருந்தது. தீவு போக வேண்டிய தூரத்துக்குப் போயிருந்தது. ஹாலிஃபாக்ஸ் பத்திரிகை ஒன்றில் யாரோ அந்த நாயைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதியிருந்தார்கள். விசுவாசம் என்ற சொல் அதில் அடிக்கடி வந்தது. எல்வுட் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாய் நல்லா இருக்கு, ஆனா ரொம்பப் பெரிசு," என்றான்.

அவன் போன பிறகு வெர்னா புத்தகத்தை அடுப்பு மேடைக்கு மேலே சாய்த்து வைத்தாள். எட்டி நின்று கண்ணாடியைக் கழற்றினாள்.

முதலில் தெரிந்தது நாய்.