அட்டையில் இருந்த பெயர்

சினிமா, பாட்டு, தொலைக்காட்சி என்று எந்தக் கேள்வி வந்தாலும் எங்கள் அணியில் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். இங்கிலாந்தில், ராச்டேல் வட்டார வினாடி வினா லீகில் பதினேழு வருடம் ஆடினேன். பகலில் பேருந்துப் பணிமனையில் பிரேக் மாற்றுவேன். செவ்வாய்க்கிழமை மாலைகளில் பப்பில் உட்கார்ந்து, எந்தப் பாட்டு எந்த வருடம் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று சொல்வேன்.

என் அண்ணன் நெவில் இதற்கெல்லாம் வரமாட்டான். இளவயதில் ஒரு பாட்டுக் குழுவில் கிட்டார் வாசித்தவன். ‘ஈரக் கோட்டு’ பாட்டை எங்கள் வீட்டுச் சமையலறையில் அவன் எழுதியபோது எனக்குப் பதினான்கு வயது. எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது அடி சரிவரவில்லை என்று நாலு தடவை அடித்து எழுதினான். சண்டை போட்டுக்கொண்டு அவன் குழுவை விட்டு வந்த மறுவருடம் அந்தப் பாட்டு நாடு முழுக்க ஒலித்தது. இசைத்தட்டில் எழுதியவர் என்று அந்தக் குழுவின் பாடகன் டெரன்ஸ் மாசப்பின் பெயர் இருந்தது. வக்கீல், கடிதம் என்று நெவில் ஆறு வருடம் அலைந்தான். ஒன்றும் நடக்கவில்லை. கூரை ஓடு மாற்றும் வேலைக்குப் போய்விட்டான்.

2004 இறுதிப் போட்டிக்கு நான்தான் அவனை வற்புறுத்தி அழைத்தேன்.

“ஒரு தடவை வந்து பாரேன் நெவ். உன் தம்பி எதுக்கு லாயக்குன்னு தெரிஞ்சுக்கோ.”

“எனக்குத் தெரியாததா? நீ பிரேக் கட்டைக்கே லாயக்கில்ல” என்று சிரித்தான். ஆனால் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான்.

கடைசிக் கேள்வி எனக்கு. நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். யாரையும் கேட்காமல் சரியாகச் சொன்னால் இரண்டு புள்ளி, கோப்பை எங்களுக்கு.

கேள்வி கேட்பவர் அட்டையைப் பார்த்துப் படித்தார்: “‘ஈரக் கோட்டு’ பாட்டை எழுதினது யாரு?”

எங்கள் அணித் தலைவி வினிஃப்ரெட் மேசைக்கடியில் என் முழங்காலைத் தட்டினாள். பாட்டுக் கேள்வி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று அவளுக்குத் தெரியும். நெவில் இருந்த பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ.

“டெரன்ஸ் மாசப்” என்றேன்.

“சரியான பதில்!”

வினிஃப்ரெட் என்னைக் கட்டிக்கொண்டு கத்தினாள். அவள் பிடியிலிருந்து விடுபட்டுப் பார்த்தபோது நெவிலின் நாற்காலி காலியாக இருந்தது. ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“நெவ், அட்டையில அந்தப் பேருதான் இருக்கும். உன் பேரைச் சொல்லியிருந்தா தப்புன்னிருப்பாங்க.”

“தெரியும்டா.”

“டீம்ல எல்லாரும் வருஷம் முழுக்க இதுக்காக...”

“தெரியும்னேனே. நீ ஒண்ணும் தப்பாச் சொல்லல.” பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். “ஊர்ல ஒருத்தனும் நம்பல, அது பழகிப்போச்சு. கண்ணால பார்த்தவன் நீ ஒருத்தன்தான்டா இருந்தே.”

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டான்.

பதினான்கு வயதில் சமையலறையில் நான் பார்த்ததை எழுதி லீகுக்குக் கடிதம் போட்டேன். அச்சில் உள்ளதைத்தான் ஏற்க முடியும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த பருவம் நான் ஆடவில்லை. வினிஃப்ரெட் வீடு தேடி வந்து, “ஒரு பாட்டுக்காகவா?” என்று கேட்டாள்.

நெவில் மோர்கம் கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டான். கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் பேசுவான். மழையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி. போன வருடம் துணிந்து, “நெவ், அன்னிக்கு நான்...” என்று ஆரம்பித்தேன்.

“அடுப்புல உருளைக்கிழங்கு கருகுது. வச்சிடுறேன்” என்றான்.